இரண்டரைக் கிலோத் துப்பாக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் சமையலறைத் தராசில் பிறந்தது. ரொட்டிக்கு மாவு நிறுக்கிற தராசு. ஆகஸ்டில் ஒரு காலை காபி குடிக்க வந்தேன். என் மனைவி நூஷா தன் வேட்டைத் துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றி, குழல், மரக்கட்டை, குறிபார்க்கும் ஸ்கோப், தோள்வார் என்று ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலே கால் கிலோ," என்றாள், ஏதோ நான்தான் அதில் கல்லைக் கட்டியவன் போல முறைத்துக்கொண்டு. "இத்தன வருஷமா ஒரு கைக்கொழந்தையத் தூக்கிட்டு மலை ஏறிருக்கேன், கஷ்பர்."

"ரொட்டில துப்பாக்கி எண்ணெ வாடை வரும்."

"வரட்டும். நீ எழுதற கதைல வர்ற வாடைக்கு இது தேவல."

கஷ்பர் நான்தான். கதை எழுதுகிறவன். அந்த நிமிடமே கை பரபரத்தது. காபியை அப்படியே வைத்துவிட்டுக் காகிதம் தேட ஓடினேன்.

2

முதல் தொடக்கம்: "சோச்சா நதிப் பள்ளத்தாக்கின் மேல் மூடுபனி மெல்ல—"

நிறுத்திவிட்டேன். மூடுபனியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "ஐம்பத்திரண்டு வயதிலும் கட்டுக் குலையாத நூஷா—"

இதை அவள் படித்துவிட்டாள். அந்தத் தாள் இப்போது அடுப்புச் சாம்பல்.

மூன்றாவது: "துப்பாக்கி என்பது மனிதனின்—"

எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தில் மேல்மலைக்குப் போகும் உரிமை ஆறு பேருக்குத்தான். மேல்மலை என்றால் மரங்களெல்லாம் முடிந்த பிறகு வரும் பாறைச் சரிவு. கொக்கி போல் வளைந்த கொம்புள்ள மலையாடுகள் அங்கேதான் மேய்கின்றன. மற்றவர்களுக்குக் கீழே காட்டு மானும் பன்றியும். இந்த வருஷம் ஆறில் ஒருவர் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு விலகிவிட்டார். அந்த இடம் நூஷாவுக்கு வேண்டும். வேண்டும் என்றால் சாப்பாட்டை மறக்கும் அளவுக்கு வேண்டும்.

சங்கத் தலைவர் லூத்விக் சாராயக் கடையில் எல்லோர் முன்னாலும் நிபந்தனை போட்டார்.

"இந்த சீசன்ல மேல்மலைல ஒரு ஆட்டச் சுட்டு கீழ கொண்டுவா. சங்கத்து ஆளு எவனும் கை கொடுக்கக் கூடாது. எங்க ஆறு பேருக்கும் இதே வழிதான்."

"கொண்டுவந்தா?"

"எடம் ஒனக்கு."

"சுட்டுட்டு எறக்க முடியலன்னா?"

"கறிய மலைல அழுக விட்டவங்களுக்கு மேல்மலை கெடையாது நூஷாம்மா. எப்பவும் கெடையாது."

இருவரும் கைகுலுக்கி, ஆளுக்கொரு குவளை பிளம் சாராயத்தை ஒரே மடக்கில் இறக்கினார்கள். நூஷாவுக்கு முகமெல்லாம் பல்.

(இங்கே என்னைப் பற்றி ஒரு குறிப்பு. நான் சங்கத்தில் இல்லை. பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். இது பின்னால் தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.)

3

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கிராமில்தான். ஸ்கோப்பை மாட்டும் வளையத்தில் முப்பது கிராம் குறையுமா? தோள்வாரின் கொக்கி எதற்கு, வெறும் முடிச்சு போதாதா? நான் எழுதிக்கொண்டிருந்த நாவலை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் துப்பாக்கி விலைப்பட்டியல் படித்தேன். எந்த நாவலும் அத்தனை விறுவிறுப்பாக இருந்ததில்லை.

வாங்கும்முன் அந்த எடையைச் சுமந்து பார்த்தே தீர வேண்டும் என்று நூஷா ஒற்றைக்காலில் நின்றாள். புதுத் துப்பாக்கியை மலைக்கு அனுப்பக் கடைக்காரனுக்கு என்ன தலையெழுத்தா? ஆகவே புல் வாரும் கம்பு ஒன்றில் சோளமாவுப் பொட்டலங்களைக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு நாள் நாலு கிலோ. இன்னொரு நாள் மூன்று. பிறகு இரண்டரை.

பாலத்தில் நின்றிருந்தவர்கள் விடுவார்களா?

"நூஷா, ஆட்டுக்குக் களி கிண்டப் போறியா?"

"ஆமா, மிச்சம் இருந்தா ஒன் தலைல ஊத்தறேன். நகரு!"

[அடிக்கப்பட்ட வாக்கியம்: "அவளுடைய கண்களில் மலை தெரிந்தது." பொய். கண்ணில் வியர்வைதான் தெரிந்தது.]

தோல்மின் ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் சில்வோ, மேஜையில் கம்பளி விரித்து இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று மூன்றரைக் கிலோ, எதிலும் குறைசொல்ல முடியாத நடுத்தரம். மற்றது கார்பன் நாரில் செய்த கட்டை, மெல்லிய குட்டைக் குழல், சின்ன ஸ்கோப்போடு சேர்த்தே இரண்டரைக் கிலோ. நூஷாவின் கை எதன் பக்கம் போனது என்று சொல்லவும் வேண்டுமா?

"அக்கா, கொஞ்சம் இருங்க," என்றான் சில்வோ. "லேசான துப்பாக்கி வாங்கினா மூணு பேரோட சண்ட போடணும். தோளு, காது, மூச்சு. எட இல்லாததால தோள ஒதைக்கும். கொழல் குட்டைங்கறதால காதக் கிழிக்கும். மல ஏறி மூச்சு வாங்கறப்ப நுனி கெடந்து ஆடும். கனமானது தன் பாரத்துலயே அசையாம நிக்கும். இது நிக்காது."

"படுத்துக்கிட்டு, முதுகுப்பை மேல வெச்சு சுட்டா?"

"அப்ப சரி. ஆனா மூச்சு அடங்கற வரைக்கும் காத்திருக்கணும். ஆடு காத்திருக்குமான்னு ஆட்டத்தான் கேக்கணும்."

ஊருக்கு வெளியே சுட்டுப் பழகும் திடலுக்குப் போனோம். இருநூறு மீட்டரில் அவள் சுட்ட குண்டுகளின் ஓட்டைகளை ஒரு காபிக் குவளையால் மூடிவிடலாம். எழுந்தபோது தோள்பட்டை சிவந்து கன்றியிருந்தது.

"ஒதைக்குது கஷ்பர்! கழுத மாதிரி ஒதைக்குது!" என்று கத்தினாள். கல்யாணத்தன்றுகூட அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. (அன்று என்னைக் கட்டிக்கொண்டாள், காரணம் அதுவாகவும் இருக்கலாம்.) வாங்கிவிட்டோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தது நான்தான்.

4

லூத்விக்கை வில்லனாக்க எவ்வளவோ பார்த்தேன். ஒரு வரைவில் அவருக்குப் பொன்பல் கட்டிவிட்டேன். இன்னொன்றில் நொண்ட விட்டேன். ஒன்றும் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த வாரமே மனிதர் ஒரு கூடை ஆப்பிளோடு வாசலில் வந்து நின்றார். புதுத் துப்பாக்கியைப் பார்க்க வேண்டுமாம். வாங்கித் தூக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த மலர்ச்சி பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு."

"ஒங்களோடது அஞ்சு கிலோவாமே தலைவரே?" என்றாள் நூஷா.

"ஆமா. அது பாரமா இருக்கறதாலதான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியுது. எனக்கு மூச்சு முட்டற எடத்துக்கு மேல நிக்கற ஆடு என் ஆடு இல்ல."

"பயமா?"

"கணக்கு. துப்பாக்கியத் தராசுல வெச்சியாமே, ஊரே சொல்லுது. ஆட்ட வெச்சியா?"

ஓர் ஆப்பிளை அவரே எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக்கணக்கில் முப்பது கிராமுக்கும் நாற்பது கிராமுக்கும் மல்லுக்கட்டியிருக்கிறோம். குடலை எடுத்துவிட்டாலும் ஒரு மலையாடு இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அது இறங்கும்போது வருகிற எடை. ஏறும்போது அதை யார் நினைக்கிறார்கள்?

"எனக்குத் தெரியாதா?" என்றாள் நூஷா. "குட்டப் பைன் மேட்டுக்கு மேல போக மாட்டேன். அங்கேர்ந்து எறக்கிடுவேன். சத்தியம்."

5

இனி முடிவு. மூன்று எழுதினேன். மூன்றையும் நூஷா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே படித்தாள்.

முடிவு அ: ஆடு தலைதிருப்பி அவளைப் பார்க்கிறது. அந்தக் கரிய விழிகளில்— அவள் கண்ணீரோடு துப்பாக்கியைத் தாழ்த்துகிறாள்.

"யோவ் எழுத்தாளரே, யாருய்யா இவ? போன வாரம் பன்றிக் கறிய மூணு தட்டு சாப்டது நீதான? அப்ப எங்க போச்சு இந்தக் கண்ணீரு?"

முடிவு ஆ: ஒரே குண்டு. வேட்டைக்காரர் வழக்கப்படி ஆட்டின் வாயில் கடைசிக் கவளமாகப் பைன் தழை வைத்து, தொப்பியைக் கழற்றி நின்று, தொப்பியிலும் ஒரு கொத்துச் செருகிக்கொண்டு, அவள் ஆட்டை முதுகில் சுமந்து ஊருக்குள் நுழைகிறாள். பாலத்தில் நின்றவர்கள் வாயடைத்து—

"இது நல்லா இருக்கு," என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "எந்த வழியா எறங்கினேன்?"

"எழுதல."

"அதத்தான எழுதணும்!"

முடிவு இ: குறி தவறுகிறது. இதை அவள் படித்து முடிக்கவில்லை. தோல் உரித்த கிழங்கு ஒன்று என் காதோரம் பறந்தது.

6

இனி எழுதுவது வரைவு இல்லை. இப்போது நடந்துகொண்டிருப்பது.

நவம்பர். நாளை பனி என்கிறது வானொலி. விழுந்தால் மேல்வழி வசந்தம்வரை மூடிவிடும், அதற்குள் இந்த சீசன் முடிந்துவிடும். விடிவதற்கு முன்பே நூஷா கிளம்பிவிட்டாள். நான் வீட்டுக் கொல்லையில் முக்காலி மேல் தொலைநோக்கியை நிறுத்தி, முழங்காலில் காகிதம் வைத்து, ஒரு கண்ணால் மலையையும் ஒரு கண்ணால் உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாகப் போவதற்கு மன்னிக்கவும்.

பீச் மரங்களைத் தாண்டினாள். மேய்ப்பர் குடிசையைத் தாண்டினாள். என்ன வேகம்! குட்டைப் பைன் மேட்டுக்கு வந்தாள். அங்கே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

கடவுளே, மேலே போகிறாள். வெறும் தோளோடு கடைக்குப் போகிறவள் போலப் போகிறாள். பாறை விளிம்பில் ஒரு புள்ளியாகி, முதுகுப்பையை இறக்கி அதன்மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்துவிட்டாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், புல் திட்டில், தனியாக ஒரு கிடா. கரிய முதுகு, கொக்கிக் கொம்பு. இப்படி ஒரு கிடாவை எந்த முடிவிலும் நான் எழுதத் துணியவில்லை.

தொலைபேசி அடிக்கிறது. கிசுகிசுக்கிறாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். நூஷா, பேசின எடத்துக்கு மேல போயிட்டே!"

"தெரியும். தோள்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எங்க நிக்கணும்னே தோணல." மூச்சு வாங்குகிறாள். "ஒதைக்கிற கழுத இப்ப சொகமா படுத்திருக்கு. நுனி ஆடல. காத்து என் பக்கம்தான் வீசுது. சுட்டா விழுந்துரும்."

"எப்படி எறக்குவே?"

தொலைநோக்கியில் அந்தப் புள்ளி விளிம்புக்கு நகர்ந்து பள்ளத்தை எட்டிப் பார்க்கிறது.

"நூஷா?"

"அத நீதான எழுதறே," என்றாள். "எழுது."

7

எழுத முடியவில்லை. அவள் ஜெயிக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளத்தில் இருபத்தைந்து கிலோவோடு ஒற்றையாக இறங்குகிற ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. லூத்விக்குக்கும் தெரியாது. சுட்டு, கறியை விட்டுவிட்டு வந்தால் மேல்மலை என்றைக்கும் இல்லை. சுடாமல் வந்தாலும் இந்த வருஷம் போச்சு, அந்த இடத்தை வேறு எவனாவது பிடித்துவிடுவான்.

ஆனால் நிபந்தனையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், இரண்டாம் பகுதியில் இருக்கிறது. சங்கத்து ஆள் எவனும் கை கொடுக்கக் கூடாது. லூத்விக் வாயால் சொன்னது அவ்வளவுதான்.

நான் சங்கத்து ஆள் இல்லை. என் காலணி மாட்டியாகிவிட்டது. குடிசை வரைக்கும் வருவேன், அதற்கு மேல் வந்தால் தலை சுற்றி, என்னையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும்.

நீங்களும் சங்கத்தில் இல்லை.

இதுவரை சும்மா படித்துக்கொண்டு வந்தீர்கள். தோளில் எடையே இல்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் ஏறிவிட்டீர்கள். சுடச் சொல்வது எளிது. சொல்வதானால் பின்னங்கால்களைப் பிடிக்கவும் வர வேண்டும். கயிறு கொட்டகைக் கதவில் தொங்குகிறது. திரும்பி வந்தால் சுடச்சுடக் களியும் ஈரல் வறுவலும், அது என் பொறுப்பு. வர முடியாது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள். என்னோடு ஒரு வாரம் பேச மாட்டாள், உங்களோடு அதற்கும் மேல்.

கிடா தலை தூக்குகிறது. அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. தொலைபேசியை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். சொல்லுங்கள்.

மெதுவாகச் சொல்லுங்கள். ஆட்டுக்குக் காது கூர்மை.