குத்தகைக்குப் போன நான்கு வருடங்கள்

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டதில் பிறந்த கதை இது. கேட்டவர் என் அண்ணன் கருப்பண்ணன். கொல்லிமலையில், அரியூர் நாடு என்ற பகுதியில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிறார். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் இன்ஜினியர். மகளின் படிப்பு விஷயமாகப் புதன்கிழமை போன் செய்தார்.

"அருணாவுக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்சிருச்சு. மெளகக் குத்தகைக்கு எடுக்க ஏவாரி வெங்கிடுசாமி ஞாயித்துக்கெழம பத்திரத்தோட வாரேங்கறாரு. நீ படிச்சவன், சொல்லு சாமி. எம்புள்ளைக்குப் போடற காசு திரும்புமா, திரும்பாதா?"

"யோசிச்சுச் சொல்றனுங்கண்ணா."

இன்று சனிக்கிழமை. யோசிக்க உட்கார்ந்தவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: மலைமேல் மேகம் இறங்கிய ஒரு மாலையில், அப்பா நடுங்கும் விரலால் கைநாட்டு—

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சோகம் என்றால் மேகத்தைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.)

நடந்தது இதுதான். 2009இல் எனக்குச் சீட்டு கிடைத்தபோது, அப்பா எங்கள் மிளகுக் கொடிகளை இதே வெங்கிடுசாமிக்கு நான்கு வருடக் குத்தகைக்கு விட்டார். படிப்புக்கும் நான்கு வருடம்தானே. பணம் முன்னாலேயே வந்துவிடும். காய் முழுவதும் அவருக்கு. நிலமும், கொடி படர்ந்த மரமும், கொடியும் எங்களுடையவை. காயில் மட்டும் கை வைக்கக் கூடாது. ரசத்துக்கான மிளகைச் செம்மேட்டுக் கடையில் வாங்கினோம்.

"மோந்து பாருங்க, உங்க தோட்டத்து மெளகாட்டவே இருக்குது" என்றார் கடைக்காரர் சின்னக்கண்ணு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எங்க தோட்டத்துதுன்னா இத்தன கல்லு கெடக்காதுங்க" என்றார் அண்ணன்.

3

கணக்கு. குத்தகைப் பணம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். வங்கிக் கடன் இரண்டு லட்சம். அடைக்க ஒன்பது வருடம் ஆயிற்று. என் முதல் சம்பளம் எட்டாயிரத்து ஐநூறு. இன்று முப்பத்தெட்டாயிரம், அதில் கால்பங்கு வாடகை; வீட்டுக்கு அனுப்ப மிஞ்சியது கொஞ்சம்தான். குத்தகை நடந்த அந்த வருடங்களில் மிளகு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வெங்கிடுசாமி ஏமாற்றவில்லை. ஏறும் என்று அவருக்கும் தெரியாது.

அண்ணன் கேட்டதற்குக் கணக்கு சொல்லும் பதில்: இன்னும் திரும்பவில்லை.*

* ஒன்றை விட்டுவிட்டேன். மிளகு பறிக்க வெங்கிடுசாமிக்கு ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் எங்கள் மரங்களிலேயே ஏணி சாத்தி, அவரிடம் தினக்கூலிக்குப் பறித்தார். அந்தக் கூலியில்தான் என் ஹாஸ்டல் மெஸ் பில் கட்டினோம். இதைச் செலவில் எழுதுவதா, கடனில் எழுதுவதா என்று தெரியாமல் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

4

அண்ணன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவரை நீங்கள் நம்பமாட்டீர்கள். [கசப்பாக ஒரு வரி சேர்க்க வேண்டும்.] முயன்றேன்: "உன்னாலதாண்டா நான்" என்று அவர்—

அவர் அப்படிப் பேசியதே இல்லை. விடுமுறைக்கு வந்த என்னை ஒருமுறை ஏணியைப் பிடிக்கச் சொன்னார். உச்சியிலிருந்து குரல் வந்தது:

"இன்ஜினியர் சார், ஆடாமப் புடிங்க. உங்க மெஸ் பில்லு மேல நிக்குது."

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

5

இதுவரை யாரிடமும் சொல்லாதது: அந்த நான்கு வருடங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

பட்டறை வகுப்பில், லேத்தில் நான் முதன்முதலாகக் கடைந்த இரும்பிலிருந்து சீவல் நீலம் பாரித்துச் சுருண்டு விழுந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்து விரலைக் கிழித்துக்கொண்டேன். வரைபடக் கூடத்தில் அறுபது பேர் குனிந்திருப்போம். பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு மதியம் முழுக்க ஒருவரும் பேசாமல் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்படி ஓர் அமைதி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இப்போது ஒரே வால்வின் ஏழு அளவுகளைத் திரையில் மாற்றி மாற்றி வரைகிறேன்.

அந்த மதியங்களை நினைக்காமல் ஒரு வாரம் போவதில்லை. தை, மாசியில் அதே மதியங்களில் அண்ணன் ஏணியில் நின்றிருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க, எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது.

6

முடிவு ஒன்று: திரும்பாது என்கிறேன். வெங்கிடுசாமி பத்திரத்தை மடித்துக்கொண்டு மலையிறங்குகிறார். அருணா என்னோடு பேசுவதை—

முடிவு இரண்டு: திரும்பும் என்கிறேன். பொய் என்று தெரிந்தும் அண்ணன் கையெழுத்துப்—

இரண்டையும் முடிக்கவில்லை. போன் அடித்தது. அருணா.

"சித்தப்பா, அப்பா காசுக் கணக்குக் கேட்டாரில்லீங்க, அது கெடக்கட்டும். நான் வேற கேக்கறேன். அந்த நாலு வருசம் உங்களுக்கு நல்லா இருந்துச்சுங்களா?"

முடிக்காத இரண்டு முடிவுகளையும் ஒருமுறை பார்த்தேன். பிறகு, சற்றுத் தள்ளியிருந்து அண்ணனின் குரல்:

"ஸ்பீக்கர்லதான் போட்டிருக்குது சாமி. சொல்லு."

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள், நான் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் சரி. மகளுக்குச் சொல்வது அவள் அப்பாவுக்கும் கேட்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கொஞ்சம் சீக்கிரம். இருவரும் காத்திருக்கிறார்கள்.