முள்ளின் அடி எந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு எதையும் திறந்து போட்டு வைக்கத் தெரியாது. குழம்புச் சட்டி திறந்திருந்தால் மூடுவார். காற்று வரட்டுமே என்று நான் ஜன்னலைத் திறந்தால், பின்னாலேயே வந்து சாத்துவார். தோட்டத்து வேலியில் ஒரு ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தால் போதும், கருவை முள்ளை வெட்டி அதில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மருதுபாண்டி என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக அடைப்புப்பாண்டி என்று வைத்திருக்கலாம். இந்தக் குணத்தால்தான் நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட்ட பாதை வேலை ஒரே காலையில் பாழாகப் பார்த்தது. பாதை போனால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். சகாபுதீன் அண்ணன் நடக்காமலே போயிருப்பார், அதைத்தான் என்னால் தாங்க முடிந்திருக்காது.

சகாபுதீன் அண்ணன் வீடு எங்களுக்கு எதிர்வீடு. எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. என் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடிக்கு எங்கே போவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த அவர், சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்து, “பிள்ளையக் குடு இங்கிட்டு” என்று கையை நீட்டினார். அன்றைக்கு அண்ணன் ஆனவர்தான். அவர் மனைவி ரஹ்மத் நிஷா எனக்கு மதினி, அவருக்கு நானும் மதினி. என் வீட்டுக்காரருக்கு அவர் மச்சான், அவருக்கு இவர் மாப்ள. இருவரும் உட்கார்ந்து பேசினால் எங்கள் தெருவில் ஒருத்தரும் தூங்க முடியாது.

அண்ணன் சவூதியில் லாரி ஓட்டி, போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். வந்த வருஷமே வாதம் அடித்துவிட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அருப்புக்கோட்டை டாக்டர் நாலுகால் வைத்த அலுமினியக் கம்பு ஒன்றைக் கொடுத்து, “தினமும் நடங்க பாய். இந்தச் சில மாசம்தான் கணக்கு. இப்ப விட்டா கால் இப்படியே நின்னுபோகும்” என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அந்தக் கம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்ததோடு சரி.

நான் போய்ச் சண்டை போட்டேன்.

“எங்கிட்டு நடக்கச் சொல்ற? தெருவுல எறங்குனா போதும், ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்க வந்துர்றாக. நான் என்ன செத்தா போயிட்டேன்? ரோட்டுக்குப் போனா தூத்துக்குடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிற அடியில நல்ல காலும் விழுந்துரும்” என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் ஊர் பந்தல்குடிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸு, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் அந்த லாரி ரோடுதான் வழி. ரோடு நல்லபடியாக ஆவதற்கு முன்னால் கண்மாய்க்கரை மேலே ஒரு பாதை இருந்தது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் கரையேறினால், கண்மாய்த் தண்ணீர் நிறைந்து வழிகிற கலுங்கு வழியாகப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய் இறங்கலாம். ஆள் போகாமல் விட்டதில் கருவை மூடிக்கொண்டது. பாம்பு மட்டும் அதைப் பாதையாக வைத்திருந்தது.

அந்தப் பாதையைத் திறந்துவிட்டால், விடியும்போது அண்ணன் ஒருத்தர் கண்ணிலும் படாமல் நடக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இதை ஊரில் சொன்னால் அவருக்கு மானம் போகும். நல்லவேளையாக இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த தெரு தங்கச்செல்வியின் மகள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகும்போது லாரிக்கு ஒதுங்கி பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். “பொம்பளப் பிள்ளைக சைக்கிள்ல போக ஒரு வழி வேணுமா வேணாமா?” என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை. முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடிக்க வந்தவர்கள். ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று அவர்கள் யோசனை சொன்னார்கள். கரை உடைந்தால் தண்ணீருக்கு உங்கள் வாயிலா அணை கட்டுவது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அரிவாளை எடுத்தார்கள். கருவை லேசில் விடுகிற மரமா? கிளையை வெட்டினால் தூர் நிற்கும். தூரை விட்டால் அடுத்த மழைக்குப் பழையபடி வந்து நிற்கும். ஆகவே, பெண்கள் கவைக்கம்பால் முள்ளை அமுக்கி இழுத்துப் போட, ஆண்கள் கடப்பாரையால் தூரைத் தோண்டினார்கள். நிஷா மதினி தூக்குவாளியில் டீ கொண்டுவருவார். அவர் முந்தானையில் ஒரு ஊக்கு எப்போதும் குத்தியிருக்கும். யார் காலில் முள் ஏறினாலும் அவரிடம்தான் காலை நீட்டவேண்டும். வலிக்காமல் எடுப்பார், எடுத்த முள்ளைக் காட்டி இரண்டு வார்த்தை கேலியும் பேசுவார்.

வேலை முடிந்ததும் நான் அண்ணனிடம் போய் இன்றைக்கு எதுவரை வந்தோம் என்று சொல்வேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கேட்காத மாதிரிதான் இருப்பார். ஒருநாள், “கலுங்கு தெரியுதா இப்ப?” என்றார். இன்னொரு நாள், “தரை சமமா இருக்கா, மேடும் பள்ளமுமாத்தான் கெடக்கா?” என்றார். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

தரை சமமாக இல்லை. தூர் எடுத்த இடமெல்லாம் குழி. காலை இழுத்து நடக்கிறவர் அதில் எப்படிப் போவார்? சரளை போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சைக்கிளுக்கு இது போதாதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். போதாது என்று ஒரே பேச்சாகச் சொன்னேன். ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் சின்னத்துரை லோடு லோடாகச் சரளை கொண்டுவந்து கொட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை அதை நிரவி முடித்தோம். கரை மேலே ஏறி நின்று பார்த்தால் செவேலென்று வளைந்து போகிற பாதை. சாயங்காலம் ஒரு சாரலும் பெய்தது. “நாளைக்கு விடியக்காலையில மச்சான் மட்டும் இதைப் பாத்தாருன்னா…” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவு பாசம் உள்ள மனுஷன்தான் இதைச் செய்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழியின் குறுக்கே முள் கிடந்தால், வராதே என்று அர்த்தம். போர்டு வேண்டாம், ஆள் வேண்டாம். யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். முள்ளை எடுத்துவிட்டு உள்ளே போனால் அது வம்புக்குப் போகிற காரியம்.

மறுநாள் விடிந்ததும் நிஷா மதினி வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு அடுப்படி வரைக்கும் பேசாமல் வந்து நின்றார்.

“மதினி, அந்தப் பாதைய யாருக்கு அடைச்சு வச்சிருக்கீக?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அண்ணன் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த கம்பைத் தானாகவே எடுத்திருக்கிறார். மதினியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருட்டோடு இருட்டாகத் தெருவின் கடைசி வரைக்கும் தனியாகப் போயிருக்கிறார். கரையேறுகிற இடத்தில் குறுக்கே முள். அப்படியே திரும்பிவிட்டார். வந்து கம்பைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, “அடைச்சிருக்காக” என்று ஒரு வார்த்தை சொல்லிப் படுத்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாராம்.

“எழுப்பிப் பாத்தேன். பொம்பளப் பிள்ளைக போறதுக்குன்னு வெட்டுன பாதையில நாம எதுக்கு நொண்டிக்கிட்டுன்னு கேக்குறாக மதினி. இனிமே நான் என்ன சொல்லி எழுப்புவேன்?” என்றவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நான் கரண்டியோடு கொல்லைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“பாதையில முள்ளப் போட்டது நீங்கதான?”

“ஆமா. சரளை ஈரமால்ல கெடக்கு. காலையில ஆடு மாடு ஏறி மிதிச்சா குழியாப் போகும். மச்சான் நடக்குற தரை…”

“அந்த மச்சான்தான் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு!”

வாயில் பல்பொடி நுரையோடு அப்படியே நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு என்னென்னவோ பேசினேன். எதையுமே திறந்து வைக்கத் தெரியாத ஜென்மம் என்றேன். போட்டால் போட்டேன் என்று பக்கத்தில் படுக்கிறவளிடம்கூடச் சொல்லத் தெரியாதா என்றேன். அவர் வாயைக் கொப்பளித்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், எதிர்வீட்டுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். “வா மாப்ள” என்றார். குரல் நல்லபடியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் முந்திக்கொண்டு சரளை, ஈரம், ஆடு மாடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“பரவால்லம்மா ரேணுகா. எனக்காகச் சொல்லாத. நடக்குறதுக்கு எனக்கும் தெம்பு இல்ல” என்றார்.

நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். 

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இப்போது கேட்டார்:

“மச்சான், அடி எங்கிட்டு இருந்துச்சு?”

“என்னது?”

“முள்ளோட அடி. நம்ம ஊர்ப்பக்கம் இருந்துச்சா, கண்மாய்ப்பக்கம் இருந்துச்சா?”

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊரில் முள் வெட்டிப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வெட்டின கிளையின் அடிப்பகுதியில் முள் இருக்காது, கையால் பிடிக்கலாம். யாரை வரக்கூடாது என்று அடைக்கிறோமோ அவர்கள் பக்கம் முள்ளைக் காட்டவேண்டும். யார் வந்து திறக்கலாமோ அவர்கள் பக்கம் அடியை வைக்கவேண்டும். அடி கைக்கு எட்டுகிற மாதிரி கிடந்தால், நீ இழுத்துப் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். சின்ன வயசில் அண்ணனும் முள் வெட்டியவர்தான். பாலைவனத்தில் லாரி ஓட்டின வருஷங்களில் இதெல்லாம் மறந்துபோயிருந்தது.

“நம்ம பக்கந்தான் கெடந்துச்சு. கம்பு அதுலதான் தட்டுச்சு” என்றார் மெதுவாக.

“பெறகு?”

அண்ணன் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு உதடு கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. வாதம் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

“கிறுக்குப்பய மாப்ள. இருட்டுல வாரவனுக்கு அடி எது, நுனி எதுன்னு எப்படிறா தெரியும்?” என்றார். “நிஷா, அந்தக் கம்பை எடு.”

சட்டைகூடப் போடவில்லை. கைலியும் பனியனுமாக இறங்கினார். நன்றாக விடிந்து தெருவே முழித்திருந்தது. தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். “என்ன பாய், இப்ப எப்படி இருக்கு?” என்று ஒருத்தர் ஆரம்பித்தார். “இருக்கேன், இருக்கேன், வழிய விடு” என்று அண்ணன் போய்க்கொண்டே இருந்தார்.

கரையேறும் இடத்தில் முள் அப்படியே கிடந்தது. என் வீட்டுக்காரர் குனியப்போனார். “நீ தொடாத” என்று அண்ணன் தடுத்துவிட்டார். கம்பை மதினியிடம் கொடுத்தார், நல்ல காலை ஊன்றிக்கொண்டார், வலது கையால் அடியைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம்தான் நகர்ந்தது. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இழுத்தார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் கம்பை வாங்கிக்கொண்டு, “ஒருத்தரும் பின்னால வரப்படாது” என்று எங்களை நிறுத்திவிட்டார்.

நாங்கள் நின்றோம். கரை வளைகிற இடம் வரைக்கும் ஆள் தெரிந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை.  கலுங்கு வரைக்கும் போகிற கால் இல்லையே அது. விழுந்திருந்தால்? “ஒரு எட்டுப் போய்ப் பாக்குறேன்” என்று மதினி காலை எடுத்து வைத்தார். “இருங்க தங்கச்சி, வருவாரு” என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாகச் சொன்னார். ஆனால் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

வந்தார். வேர்வையில் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் நாங்கள் பார்க்காத முகமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஈரச் சரளையில் வந்த தடம் தெரிந்தது. கம்பின் நாலு குழி, ஒரு பாதம், பக்கத்தில் இழுபட்ட காலின் கோடு. அதுபோலவே கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும்.

வெளியே வந்தவர் கம்பை மதினியிடம் நீட்டினார். திரும்பி முள்ளைப் பிடித்து, பாதையின் குறுக்கே மறுபடியும் இழுத்துப் போட ஆரம்பித்தார்.

“ஐயோ, எதுக்குண்ணே மறுபடியும் அடைக்கிறீக?” என்றேன்.

“ஈரம் காயல. என் காலுக்கே பாரு, எப்படிப் பதியுதுன்னு. ஆடு மாடு ஏறுச்சுன்னா மாப்ள வேலை பூராம் வீணாப்போகும்” என்றார். முள் சரியாக விழுந்ததா என்று தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. திரும்பவும் குனிந்து, திணறித் திணறி அதைத் திருப்பி, அடி ஊர்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்தார்.

“நாளைக்கு நான் வந்து தெறக்குறேன். அதுவரைக்கும் எவனும் மிதிக்கப்படாது.”

சொல்லிவிட்டுக் கம்பை வாங்கி ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தார். என் வீட்டுக்காரர் அவரோடு சேர்ந்து, அவர் நடைக்கு நடந்தார்.

நானும் மதினியும் அங்கேயே நின்றோம். மதினி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

“கேட்டீகளா மதினி, நாளைக்கு வாரேன்னு சொல்றாக.”