இலை கலக்காத வரிசை

தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

குழந்தைகளுக்கு நரம்பில் வரும் புற்றுநோயின் செல்களைத் தட்டில் வளர்த்து, மூலிகை இலைச்சாறு அவற்றைக் கொல்கிறதா என்று விட்டுப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. போன மாதம் சாறு விட்ட வரிசையில் ஒரு செல்கூட மிச்சமில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்காவின் ஐந்து வயது மகள் குட்டிமணிக்கும் அதே நோய். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் பாவி!

சாற்றைக் கரைக்க ஆல்கஹால் சேர்ப்பார்கள். எது கொன்றது என்று ஒப்பிட, இலையே கலக்காமல் வெறும் ஆல்கஹால் விட்ட வரிசையும் பக்கத்தில் இருக்க வேண்டும். போன முறை அவசரத்தில் அதை வைக்கவில்லை. இன்று வைத்தாள். அதுவும் பூண்டோடு செத்துக் கிடந்தது. ஆல்கஹாலைக் குறைத்த வரிசையிலோ, இலைச்சாறு இருந்தும் செல்கள் ஜம்மென்று இருந்தன. அவள் அளவு தெரியாமல் ஊற்றிய ஆல்கஹால்தான் கொன்றிருக்கிறது.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா சமையலறையில் குட்டிமணிக்குக் கொடுக்க அதே இலையை அரைத்து வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதைக் கீழே கொட்டு. இதுல ஒண்ணுமே இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"என்னடி உளர்ற? நீ சொன்னேன்னுதானே ஆஸ்பத்திரியில போடுற ஊசியே வேண்டாம்னு நிறுத்துனேன். மூணு வாரமாச்சுடி!"

"நிறுத்துனியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா!"

"சொன்னா திட்டுவே. ஊசி போட்டா பிள்ளை வாந்தி எடுத்தே துவண்டு போறா. பெத்தவ எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

இந்த நோய் வளர மூன்று வாரம் எவ்வளவு அதிகம் என்று அந்த வீட்டில் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"கிளம்புக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

சமையலறை வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்ற குட்டிமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முடியில்லாத தலையைச் சொறிந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, நான் ஒரே ஒரு நாள் அந்தச் சாறைத் துப்பிட்டேன். அதனாலயா?"