வாளியில் கொட்டிய மாத்திரை

இப்போதெல்லாம் எவனும் தன் உடம்பு சொல்வதை நம்புவதில்லை. வெளியே வெயிலா என்று கேட்டால் போனைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறான். மாத்திரை தின்றால் வலி போயிற்றா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள மாட்டான். யாராவது நூறு பேரை எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி எண்ண வந்தவர்களால்தான் என் தோளுக்குக் கேடு வந்தது.

நான் இஞ்ஞாசி. முப்பத்தெட்டு வருஷம் தூத்துக்குடிக் கடலில் முங்கிச் சங்கு எடுத்தேன். அதில் வலது தோள் செத்தது. இப்போது வள்ளத்தில் உட்கார்ந்து, கீழே முங்கியிருப்பவர்களுக்குக் காற்றுக் குழாய் பிடிக்கிறேன். போன வருஷம் டாக்டர்மார் வந்து, தோள்வலிக்காரர் அறுபது பேருக்கு நம்பர் போட்ட டப்பா ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பாதி டப்பாவில் மருந்து, பாதியில் வெறும் மாவு. எதில் எது என்று தின்பவனுக்கும் தெரியாது, கொடுப்பவனுக்கும் தெரியாது. ஐந்து மாதம் தின்றோம். என் கை தலைக்கு மேலே ஏறியது. அதன் பிறகும் மாதா கோயில் மருந்தகத்தில் அதே மாத்திரையை இலவசமாக வாங்கித் தின்றேன். இந்த வருஷம் வந்து, மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை, அடுத்த மாதம் முதல் அந்த மாத்திரை கிடையாது என்றார்கள்.

விடுவேனா. சாமியாரிடம், சங்கத்தில், டீக்கடையில் என்று போன இடமெல்லாம் அவர்களை ஏசினேன். ஏச்சுப் பொறுக்காமல் போன சனிக்கிழமை அவர்களே கோயில் மண்டபத்துக்குப் பதில் சொல்ல வந்தார்கள். பேசியவள் டெல்பின் டாக்டர், பெரியதாழைக் கடற்கரை ஊர்ப் பிள்ளை. பக்கத்தில் எஸ்றா என்பவர், கணக்குப் பார்ப்பவர், லேப்டாப்பை விட்டுத் தலை நிமிரவில்லை.

“பெரியப்பா, வலி தானா ஏறும், தானா இறங்கும். ஒருத்தருக்குத் தேறினத வச்சு மருந்துன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் பாதிப் பேருக்கு மாவு.”

“ஏளா, என் தோளு உன் கணக்குல வராதோ? இந்தா பாரு.” கையைத் தூக்கிக் காட்டினேன்.

“ஓட்டுக் கேக்க வந்திருக்காரு” என்றான் பின்னால் எவனோ. சிரித்தார்கள்.

“அந்த அஞ்சு மாசத்துல மூணு மாசம் கச்சான் காத்து. நீங்க கடலுக்கே போகல. சும்மா இருந்தாலே தோளு தேறும்லா?” என்றாள் டெல்பின்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நான் மட்டுமா தேறினேன்? எங்க வள்ளத்துல ஏழு பேருக்கும் ஒண்ணுபோலத் தேறிச்சு.”

எஸ்றா லேப்டாப்பைத் தட்டினார். “உங்க ஏழு பேர்ல மூணு பேருக்குத்தான் மருந்து.”

“அது எப்படி?” என்றான் எங்கள் வள்ளத்து ஆன்றோ. “ஏழு டப்பாவையும் ஒரு வாளியில கொட்டிக் கலந்துல்லா பங்கு வச்சோம்.”

டெல்பின் அவனையே பார்த்தாள். வள்ளத்துக்கு எது வந்தாலும் அப்படித்தான். சங்கானாலும் பிஸ்கட் பொட்டலமானாலும் எல்லோருக்கும் ஒரே பங்கு. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் உண்டு. ஒருவனுக்கு மருந்து, ஒருவனுக்கு மாவு என்றால் மறுநாள் ஒன்றாக எப்படி வள்ளம் ஏறுவது? கீழே இருப்பவன் மூச்சு மேலே இருப்பவன் கையில்.

“வேற வள்ளத்துலயும் இப்படியா?” என்று கேட்டாள். வரிசையாகக் கை தூக்கினார்கள்.

“ஏன் சொல்லல?” என்றார் எஸ்றா.

“தினமும் தின்னியளான்னுதான கேட்டிய. தின்னோம்னு சொன்னோம்” என்றான் ஆன்றோ.

டெல்பின் எழுந்தாள். “அப்போ நாங்க சொன்னது தப்பு. வித்தியாசம் இல்லன்னு சொன்னதத் திரும்ப வாங்கிக்கிடுதோம்.” கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. “ஆனா மருந்து கேக்குதுன்னும் சொல்ல முடியாது. திரும்பச் செய்யணும். இந்தத் தடவ ஆளாளுக்குச் சீட்டுக் குலுக்க மாட்டோம், வள்ளத்துக்கு ஒரு சீட்டு. ஒரு வள்ளத்துல எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“எங்க வள்ளத்துக்கு மாவு விழுந்தா?”

“விழலாம் பெரியப்பா. ஆறு மாசம். அதுவரைக்கும் மருந்தகத்துல வாங்கவும் கூடாது.”

“கை ஏறலன்னா குழாய நீ வந்து பிடிப்பியா?”

“வலி கூடினா நிறுத்திருவோம். நாங்க பாத்துக்கிடுவோம்.”

“போன தடவையும் பாத்துக்கிட்டிய. வாளியக் காணல.”

டெல்பின் சம்மதத் தாளை மேசையில் வைத்தாள். ஆன்றோ கையெழுத்துப் போட்டான். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போட்டு, ஆறு ஆயிற்று. ஏழாவது நான். ஒருவன் குறைந்தாலும் வள்ளமே சேராதாம். ஆன்றோ பேனாவை நீட்டினான்.

“போடும் அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒண்ணுதான.”

“சங்கைப் பங்கு வைக்கலாம்ல. என் தோளையுமா வைப்பிய?”

பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் டெல்பின் கூப்பிட்டாள், திரும்பவில்லை. மருந்தகத்தில் மாத்திரை கிடைக்க இந்த மாதத்தில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வாசலில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். ஏறியது.

கச்சான் காத்தாம். மருந்தகத்துப் பக்கமே நடந்தேன்.