எந்தப் பெயருக்கும் ஒரே பதில்

இனியா வேலை பார்த்த கம்பெனிக்குச் செங்கம் சாலையில் மாடியில் ஒரே ஒரு அறைதான். சாமி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்கு வெப்சைட் நடத்தும் மென்பொருள் அவர்களுடையது. அதன் அட்மின் பகுதியை எழுதியவன் வேடியப்பன். எது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் எழுதி வைக்காமலே போன கார்த்திகையில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான் அந்த மகராசன். விளக்கம் எழுதும் வேலை இனியா தலையில் விழுந்தது.

மிச்சம் இருந்தது ஒரு ஹூக். ஹூக் என்றால் பெரிய வித்தையெல்லாம் இல்லை. புரோகிராம் ஓடும்போது ஓரிடத்தில் நின்று ஒரு பெயரைக் கூப்பிடும். அந்தப் பெயருக்கென்று மாட்டி வைத்த புரோகிராம் துண்டு பதில் சொல்லும். வேடியப்பன் எழுதியதிலோ பெயரே நிலையில்லை. முன்பாதி 'அழைப்பு_'. யாருக்கு வேலை வந்திருக்கிறதோ அவர் பெயர், ஓடும்போதுதான் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஹூக்குக்கு விளக்கத்தில் மாதிரிப் பெயர்கள் கொடுக்க வேண்டும். கொடுக்கும் பெயரை ஓட்டிப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிப் பதில் எழுத இனியாவுக்குச் சோம்பல். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்று திரையில் காட்டும்படி பொதுவாக ஒன்றை மாட்டிவிட்டாள். குமரேசன், சரசு என்று இரண்டு பெயர் ஓட்டியாயிற்று.

"ரெண்டு கம்மியா தெரியுதும்மா. இன்னொண்ணு சேத்துடு" என்று சொல்லிவிட்டு முதலாளி குமரேசன் வேங்கிக்காலுக்குக் கிளம்பிப் போனார். பட்டப்பகல். தாழிட்ட அறையில் அவள் மட்டும்.

விரல் தானாக வேடியப்பன் பெயரை அடித்தது. டீக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று "இனியா" என்று ஒரே தரம் கூப்பிடுவான். "ஒரு தரம் கூப்டா வாயத் தொறக்காத, பதில் சொன்னா பேய் கூட்டிட்டுப் போயிடும். மூணு தரம் கூப்டாதான் மனுஷன்" என்று அவள் அம்மா உண்ணாமலை சொல்வதைக் கேட்டதிலிருந்து வேண்டுமென்றே அப்படி. "நான் பேய்தான், வா போலாம்" என்று சிரிப்பான். கடைசி நாளும் கூப்பிட்டான். ஏதோ கோபம், அவள் பதில் சொல்லவில்லை. தனியாகப் போனவன்தான், திரும்பி வரவில்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவள் அழாத நாளில்லை.

ஓட்டினாள்.

'அழைப்பு_வேடியப்பன்'

"இதோ வந்துட்டேன்."

தான் எழுதிய பதில்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"இனியா."

அதே குரல்.

அன்று சொல்லாத பதில் தொண்டை வரை வந்துவிட்டது. போகத்தான் ஆசை. ஆனால் உயிர் வெல்லமாயிற்றே. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கீழே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வாயைத் திறக்கவில்லை, தப்பித்தோம் என்று கையை எடுத்தாள்.

யாரும் தொடாத திரையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'அழைப்பு_இனியா'

அதற்கு அடியில், அவள் மாட்டி வைத்தபடியே:

"இதோ வந்துட்டேன்."

கதவின் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.