பசி இல்லாத வேளையில்

லூல்வாவுக்குப் பதினாறு வயது. எடை நூற்று இருபத்தொன்பது கிலோ. பள்ளிவிட்டு ஜாப்ரியா பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு உட்காரத் தோன்றாது. சமையலறைக்கும் தன் அறைக்குமாக நடப்பாள். ஃப்ரிட்ஜைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். அதைப் பசி என்று சொல்ல முடியாது. வயிறு நிறைந்திருந்தாலும் கை மட்டும் எதையோ துழாவிக்கொண்டே இருக்கும். மீந்த மச்பூஸ் கறிச்சோற்றைத் தட்டில்கூடப் போடாமல் பாத்திரத்தோடு தின்பாள். தின்றதும் அழுகை வரும். அழுகை அடங்க இன்னும் ஏதாவது வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் மிஷாரி மாமா வீட்டில் விருந்து. "லூல்வா வந்தாச்சு, சட்டியை ஒளிச்சு வைங்கப்பா!" என்பார் மாமா. எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த நிமிடம் அவரே பெரிய ஆட்டுக்கறித் துண்டாக எடுத்து அவள் தட்டில் போட்டு, "சாப்பிடும்மா, கூச்சப்படாதே" என்பார்.

அம்மா நூரிய்யா ஒரு காலத்தில் லூல்வாவைவிடக் கனமாக இருந்தவள். நான்கு வருடங்களுக்கு முன் எடை குறைக்கும் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐம்பது கிலோ இறங்கியது. அந்தக் குடும்பத்தில் இன்னும் மூன்று பேர் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"பல்லு புடுங்கற மாதிரிதான்டி. ஜனவரியில மாமா பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள பண்ணிடலாம்" என்று மகளை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் அன்வார் நிதானமான பெண்மணி. "சர்க்கரை எல்லையில நிக்குது. முட்டியும் தேயுது. ஆபரேஷன் இவளுக்கு உதவும், இல்லைன்னு சொல்லல. ஆனா முதல்ல ஆறு மாசம் சாப்பாட்டுப் பழக்கத்துக்கான ஆலோசகர்கிட்ட வரட்டும்."

"எனக்கு ரெண்டே வாரத்துல பண்ணாங்களே!"

"உங்களுக்குப் பண்ணது நான் இல்லையே."

நூரிய்யா வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் லூல்வா வியாழன்தோறும் ஆலோசகரிடம் போகத் தொடங்கினாள்.

நவம்பரில் ஒரு நாள் புழுதிக்காற்று வந்து பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக் கொட்டகையில் அம்மாவின் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. பின் சீட்டில் நூரிய்யா. மடியில் உருகிய ஐஸ்கிரீம் டப்பா. அதில் டின் பாலையும் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

லூல்வா கதவைத் திறந்தாள். "என்ன யும்மா இது?"

"உள்ள வந்து கதவைச் சாத்து. புழுதி வருது."

லூல்வா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?"

நூரிய்யா அபாயா அங்கியின் நுனியால் வாயைத் துடைத்தாள். "ஒரு வருஷமா. சோறு ரெண்டு வாய்க்கு மேல நெஞ்சை அடைக்குது. இது வழுக்கிட்டு உள்ள போயிடுது. பதினேழு கிலோ திரும்ப வந்தாச்சு. அபாயாவுக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்புறம் என்னை மட்டும் ஏன் அவசரப்படுத்தறே?"

"உன்னைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாதுன்னுதான்."

சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், டப்பாவை மகள் பக்கம் நீட்டினாள். லூல்வா வாங்கினாள். மூன்று வாய் குடித்தாள். பிறகுதான் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமை நீயும் என்கூட வா. வரலேன்னா ஆலோசகர்கிட்ட நானே சொல்லிடுவேன்."

"சொல்லித்தான் பாரு, பல்லை உடைக்கறேன்!"

லூல்வா சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதைச் சொன்னாள். பத்து நாட்கள் நூரிய்யா மகளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசைக்குக்கூட வரவில்லை. இரண்டாம் வாரத்து வியாழன், லூல்வா போனபோது ஆலோசகரின் அறைக்கு வெளியே அம்மா முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு லூல்வா அதே எடையோடுதான் போனாள். மறுவாரம் மாமா வீட்டு விருந்தில் பழைய கேலி தொடங்கியது. லூல்வாவுக்குக் காது மடல் சிவந்தது.

"மாமா, சட்டியை ஒளிச்சு வெச்சுக்கோங்க. ஆனா என் தட்டுல நீங்க போடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமா கறித்துண்டைத் தன் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் முடிந்து, ஏப்ரலில் லூல்வாவுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் நர்ஸ் நடக்கச் சொன்னாள். மருத்துவமனை நடையில் லூல்வா சுவரைப் பிடித்து நடக்க, நூரிய்யா சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கூட வந்தாள்.

"யும்மா, தண்ணிகூட ஒரு மிடறுக்கு மேல இறங்கல. ஆனா ஏதாவது திங்கணும்னு மண்டைக்குள்ள இப்பவும் ஓடிட்டே இருக்கு."

"எனக்கும்தான்டி. நட."

ஒரு வருடத்தில் லூல்வாவுக்கு நாற்பத்தோரு கிலோ இறங்கியது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. நூரிய்யாவுக்கு ஒன்பது கிலோ. மண்டைக்குள் ஓடுவது சில நாள் அடங்கிக் கிடக்கும், சில நாள் அடங்காது. அப்படிப்பட்ட நாட்களில் இருவரும் கடைவளாகத்தின் மேல்தளத்தில் கால் வலிக்கும்வரை நடக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் கீழ்த்தளத்துக்குப் போவதில்லை. எப்போதாவது போய்விடுகிறார்கள். போனால் வியாழக்கிழமை அதை ஆலோசகரிடம் சொல்லிவிடுகிறார்கள்.