கோச் வீட்டுப் புல்வெளியில் விற்பனைப் பலகை

பிராடக் வெல்ஸ் ஊரில் பழைய பிக்கப் வண்டியைத் தள்ளிவிட வேண்டுமென்றால் ராய்ஸ் டிட்வெல்லிடம்தான் கொண்டுபோய் விடுவார்கள். என்ஜினில் ஒரு தட்டல் சத்தம் இருந்தால் அதை அவன் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். வாங்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டு, பருத்திக் காட்டு வழியே ஒரு சுற்றுச் சுற்றிவருவான். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பான். கேட்க இடம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மகன் டேனின் கையிலிருந்து, அப்பத்துக்கு ஊற்றும் சிரப் பாட்டில் நழுவி விழுந்தது.

இடது கை. டேன் குனிந்து அதை வலது கையால் எடுத்தான். இடது கையை மடியில் வைத்து, தூங்கும் பூனையைத் தடவுவதுபோல விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா. மரத்துப்போச்சு. கை மேல திரும்பிப் படுத்துட்டேன்போல."

அக்டோபர் கடைசியில், பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது ஒருவன் பின்னாலிருந்து வந்து மோதியதில் டேனின் கழுத்து ஒரு பக்கமாக மடங்கியது. அன்றிலிருந்து இந்தத் திரும்பிப் படுத்த கதைதான். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடுகிறான். ராய்ஸ் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். டாக்டர் என்று வாயெடுத்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பையனை உட்காரவைத்துவிடுவார்கள். வரும் சனிக்கிழமை அரையிறுதி. ஓக்லஹோமாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்து ஆள் டேன் பந்தெறிவதைப் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் நாலு வருடப் படிப்பு இலவசம். தாயில்லாமல் வளர்த்த பையன் இந்த எண்ணெய்க் கிணறுகளை விட்டு வெளியே போக ராய்ஸுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான்.

"டை கட்டிக்க. சர்ச்சுக்கு நேரமாச்சு" என்றான்.

சர்ச் முடிந்ததும் ஊரின் இன்னொரு வழிபாடு மேவிஸின் உணவகத்தில் நடக்கும். ஜன்னலோர நீள மேசையில் டெல்பர்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பஞ்சாலைக்காரர், அறுபதை நெருங்குபவர். மாநிலக் கோப்பையை ஊர் கடைசியாக வென்ற வருடம் அந்த அணியில் ஆடியவர். வென்றவர்களுக்கு அன்று கொடுத்த கோப்பை மோதிரம் இப்போது அவர் விரலில் புதைந்துபோயிருந்தது. கழற்ற வேண்டுமென்றால் விரலோடுதான் கழற்ற வேண்டும். எதிரே டயர் கடை ஹெக்டர். ராய்ஸ் உட்கார்ந்ததுமே டெல்பர்ட் ஆரம்பித்தார்.

"மூணாவது முயற்சி. போக வேண்டியது எட்டு கஜம். தொட்டில்ல கெடக்கற புள்ளகூட பந்த வீசச் சொல்லும். நம்ம கோச் என்ன பண்றாரு? பந்தக் கையில குடுத்து நடுவுல ஓடவிடறாரு. நடுவுல! சோபாவுல உக்காந்தபடியே நான் அதவிட நல்லா ஆட்டம் சொல்லுவேன்."

"சோபாவுலேர்ந்து எந்திரிக்கவே உனக்கு மூணு முயற்சி வேணும் டெல்பர்ட்" என்றாள் காபி ஊற்றிக்கொண்டிருந்த மேவிஸ். "முட்டை எப்படி வேணும் கண்ணு?"

"ஜெயிச்சோமில்ல? அப்புறம் என்ன?" என்றார் ஹெக்டர். "வருஷம் பூரா ஒரு ஆட்டம்தான் தோத்திருக்கோம். ஓடற வண்டிக்கு ஏன் டயர் மாத்தச் சொல்றீங்க?"

"இது டயர் கடைக்காரன் பேசற பேச்சா? ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சதெல்லாம் ஜெயிப்பாய்யா? சனிக்கிழமை வர்ற ஹேமில் பசங்க ஒவ்வொருத்தனும் குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்கான். அவனுங்க நடுவுல நம்ம பையன் எங்க ஓடுவான்? செப்டம்பர்ல டேன் எத்தன தடவ வீசினான்! வானத்துல பருந்து மாதிரி போச்சு பந்து. அக்டோபர் முடிஞ்சதும் கோச் பூட்டிட்டாரு. ஏன்? பயம். கோப்பை கைக்கு எட்டற நேரத்துல சில பேருக்குக் கால் நடுங்கும்."

"அந்த மனுஷனுக்கு ஏதாவது காரணம் இருக்கும்" என்றார் ஹெக்டர்.

டெல்பர்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன காரணம்? ராய்ஸு, நீ சொல்லு. உன் பையனுக்கு ஏதாவது இருக்கா?"

மேசை முழுதும் திரும்பியது. மேவிஸ்கூட ஊற்றுவதை நிறுத்தினாள்.

எத்தனையோ வருடங்களில் ராய்ஸிடம் நேருக்கு நேர் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. வண்டி விற்கும்போது செய்வதுபோலவே அவன் ரேடியோவைத் திருகினான்.

"என் பையன் கை துப்பாக்கி, டெல்பர்ட்" என்றான், அடுத்த மேசைக்கும் கேட்கும்படி. "துப்பாக்கிய பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, துடைப்பத்தத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்குப் போறாரு நம்ம கோச். துப்பாக்கி மேல தப்பா?"

மேசை வெடித்துச் சிரித்தது. யாரோ ராய்ஸின் முதுகில் அறைந்தார்கள். ஹெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி" என்றார் டெல்பர்ட், நாப்கினால் வாயைத் துடைத்தபடி. "பலகை."

அந்த ஊரில் கோச்சுக்கு யாரும் மொட்டைக் கடுதாசி எழுதுவதில்லை. அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நடுவார்கள். இரண்டு பலகை என்றால் கண்டிப்பு. புல் தெரியாத அளவுக்குப் பலகை என்றால் மூட்டை கட்டு என்று பொருள். முன்பிருந்த கோச் ஒரு விடியலில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அன்றே மனைவியைப் பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். பலகைக்குப் பஞ்சமில்லை. டெல்பர்ட்டின் கொழுந்தியாள் வீடு விற்கும் தரகர்.

சர்ச்சுக்குப் போட்ட டையும் பளபளக்கும் பூட்ஸுமாக நாலைந்து பேர் கோச் ராண்டல் பெக்கின் வீட்டு முன் இறங்கினார்கள். வடக்கே வானம் அழுக்குத் துணி நிறத்தில் இருந்தது. குளிர்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதில் ஊர் வென்ற வருடங்கள் பெரிதாக எழுதியிருக்கும். கடைசி எண்ணுக்குக் கீழே புதிதாக வெள்ளையடித்து ஒரு சதுரம் காலியாக விட்டிருந்தார்கள். ஏணிகூடச் சாத்தியாயிற்று. பெயின்ட் டப்பா டெல்பர்ட்டின் வண்டியிலேயே கிடந்தது. ராய்ஸுக்கு அந்த வெள்ளைச் சதுரம் பிடிக்கவில்லை. பெயர் எழுதாத கல்லறைக் கல் மாதிரி இருந்தது.

டெல்பர்ட் முதல் பலகையைக் குத்தினார். இறங்கவில்லை. கதவு திறந்து கோச் வெளியே வந்தார். கையில் காபி, காலில் வெறும் சாக்ஸ். உள்ளே தொலைக்காட்சியில் ஹேமில் அணியின் பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க பாறை இருக்கு டெல்பர்ட். ஒரு அடி இந்தப் பக்கம் குத்துங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க கோச்."

"எடுத்துக்கல. நேரா குத்துங்க, என் பொண்ணு பாக்கறா. ராய்ஸ், ஒரு நிமிஷம் வா."

தபால்பெட்டிவரை இருவரும் நடந்தார்கள். ராய்ஸின் கக்கத்தில் இன்னும் நடாத பலகை ஒன்று இருந்தது.

"உன் பையன் எந்தக் கையால ஹெல்மெட் மாட்டறான்னு பாத்தியா?" என்றார் கோச், குரலைத் தாழ்த்தி.

ராய்ஸ் பலகையை மறு கக்கத்துக்கு மாற்றினான்.

"ரெண்டு கையாலயும் மாட்டறதுதான் வழக்கம். இவன் ஒத்தக் கையால மாட்டறான். கேட்டா திரும்பிப் படுத்துட்டேன் கோச்ங்கறான். பந்த ஓடறவன் கையில குடுத்துட்டு ஒதுங்கினா இவன யாரும் தொட மாட்டாங்க. அதான் ஓடவிடறேன். வீசணும்னா அவன் நிக்கணும். நின்னா, பின்னாலேர்ந்து வந்து மோதுவாங்க."

"அப்ப ஏன் அவன ஆடவே விடறீங்க?"

கோச் காபியைப் பார்த்தார். "அவன் இல்லேன்னா வேற ஆள் இல்ல. எனக்கும் இந்த வீடு வேணும் ராய்ஸ். அதுதான் நெசம். நல்லவன்னு நான் சொல்லிக்கல. ஆனா நீ அவன் அப்பன். நீ ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே டாக்டர்கிட்ட அனுப்பறேன், சனிக்கிழமை உக்காரவெச்சுடறேன். பழி என் தலையில. பலகைதான் ஏற்கெனவே வந்துடுச்சே."

அப்படியொரு விலை ராய்ஸுக்கு யாரும் எப்போதும் சொன்னதில்லை. பொருள் அவனுக்கு, நஷ்டம் எதிராளிக்கு. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுதும் பேரம் பேசியவனுக்கு, எதிராளி முதல் பேச்சிலேயே இறங்கிவந்தால் ஏதோ இடிக்கும்; இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று தோன்றும். ஒரே ஒரு ஆட்டம். ஓக்லஹோமாக்காரர் பார்த்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமையே டாக்டர்.

"என்னப்பா அங்க, வெல முடியலியா?" என்று புல்வெளியிலிருந்து டெல்பர்ட் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல கோச்" என்றான் ராய்ஸ்.

"வீசச் சொல்றியா?"

"வீசச் சொல்றேன்." இதை உரக்கச் சொன்னான். புல்வெளியில் கைதட்டினார்கள்.

கோச் அவன் கக்கத்திலிருந்த பலகையை வாங்கித் தானே நட்டார். மற்றவற்றைவிட அது நேராக நின்றது.

அன்று சாயங்காலம் டேன் கேட்டான்: "கோச் உங்ககிட்ட என்னப்பா பேசினாரு?"

"சனிக்கிழமை பந்த உன் கையில விடறேன்னாரு."

பையன் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து இடது கையைப் பார்த்தான். "சரிங்கப்பா" என்றான். வலது கையால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

சனிக்கிழமை பிற்பகல் ஆபிலீன் மைதானத்தில் பாதி ஊர் இருந்தது. மீதிப் பாதி கடையடைத்துவிட்டு வழியில் வந்துகொண்டிருந்தது. வீசச் சொன்ன பிறகும் முதல் பாதி முழுக்க கோச் ஓடத்தான் விட்டார். இடது பக்கம், வலது பக்கம், நடுவில். ஒவ்வொரு முறையும் டேன் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான். ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டு ஊளையிட்டது. ராய்ஸ் எல்லோரையும்விடச் சத்தமாக ஊளையிட்டான். உள்ளுக்குள், இப்படியே போகட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கடைசி நிமிடத்தில் நாலு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். பந்து போய்ச் சேர வேண்டிய கோடு தொலைவில். இனி ஓடிப் பயனில்லை என்பது மைதானத்துக்கே தெரிந்தது.

கோச் நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார். பையன்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். ராய்ஸ் உட்காரும் இடம் அவருக்குத் தெரியும். ஊரில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது சர்ச்சில்போல மைதானத்திலும் மாறாது. அவர் தொப்பியைக் கழற்றினார். கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அதற்கு என்ன பொருள் என்று அத்தனை பேரில் ராய்ஸுக்கு மட்டும் தெரிந்தது. தலையை இடமும் வலமும் அசைத்தால் போதும்.

"பாருடா, உன்னத்தான் கேக்கறாரு!" என்றார் டெல்பர்ட். மோதிரக் கை ராய்ஸின் தோளை இறுக்கியது. "வீசு! வீசு!" சுற்றிலும் மரப்படிகள் அதிரக் காலால் தட்டினார்கள். இரண்டு வரிசை கீழே, ஓக்லஹோமாக்காரர் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தினார். ராய்ஸின் பக்கத்தில் ஹெக்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், மைதானத்தைப் பார்க்கவில்லை. "ராய்ஸ்" என்றார் மெல்ல.

ராய்ஸின் முஷ்டி மேலே போனது.

கோச் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

டேன் பந்தை வாங்கி ஏழெட்டு அடி பின்னால் வந்து நின்றான். நின்றான். இன்னும் நின்றான். இடது பக்கமாக ஹேமில்காரன் ஒருவன், அந்தக் குளிர்சாதனப் பெட்டிகளில் ஒன்று, யாரும் தடுக்காமல் வந்துகொண்டிருந்தான். டேன் கை பின்னால் போய் முன்னால் வந்தது. பந்து கிளம்பியது. டெல்பர்ட் சொன்னதுபோலப் பருந்தாகத்தான் போனது. அத்தனை தலைகளும் ஒன்றாக அதனோடு திரும்பின.

திரும்பாத தலைகள் இரண்டுதான். ஒன்று கோச்சுடையது.

பிறகு ஒரு கர்ஜனை. கோட்டுக்கு அப்பால் டேனின் அணியில் யாரோ பந்தைப் பிடித்துவிட்டார்கள். டெல்பர்ட் ராய்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் முத்தமிட்டார். "நீ சொன்னதுதாண்டா! நீ சொன்னதேதான்! ஏணி ஏறுங்கடா, பெயின்ட்டத் தொறங்கடா!" பின்னாலிருந்து யாரோ பானத்தைத் தலையில் கொட்டினார்கள். ராய்ஸ் படியிறங்கப் பார்த்தான். கட்டிப்பிடிக்கும் கைகள் விடவில்லை. ஆளாளுக்கு அவனைத் தூக்கினார்கள்.

தோள்களுக்கிடையே ஒரு சந்தில், மைதானத்தின் நடுவே, எல்லோரும் விட்டுவிட்டுப் போன இடத்தில் டேன் மல்லாந்து கிடந்தான். கோச் அவனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி எங்கோ பறந்துவிட்டிருந்தது. ஹேமில்காரன் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி யாரையோ அழைத்தான்.

பள்ளி இசைக்குழு வெற்றிப் பாட்டைத் தொடங்கியது. முரசும் ஊதுகுழலும் காதைப் பிளந்தன.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றான் ராய்ஸ். யாருக்கும் கேட்கவில்லை. "யாராவது அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க!"

டெல்பர்ட் சிரித்துக்கொண்டே காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். ராய்ஸ் டேனின் பூட்ஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை பூட்ஸ். அவன்தான் வாங்கிக் கொடுத்தது. ஒன்றாவது அசையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.